பச்சிளங்குழந்தையின் மூளை வெளிச்சத்துக்குச் சொல்லும் பதில்

பிறந்து ஒரு மாதமான குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, "முகம் பார்க்குதா?" என்பதுதான். நன்றாகவே பார்க்கிறது என்பார் அம்மா. இந்த வயதில் அதற்கு என்ன தெரியும், வெறும் நிழலாட்டம்தான் என்பார் பாட்டி. குழந்தையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த வழக்கு தீராது. கண் திறந்திருக்கிறது, ஜன்னல் பக்கம் திரும்புகிறது என்பது வரைக்கும்தான் வெளியிலிருந்து தெரியும். கண்ணுக்குள் போன வெளிச்சம் மூளைக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த பிறகு மூளை அதை வைத்து என்ன செய்தது என்பதெல்லாம் மண்டைக்குள் நடக்கும் சங்கதி. பெரியவர்களிடம் என்றால் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்லிவிடலாம். பேச்சே வராத சிசுவிடம் என்ன செய்வது?

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குழந்தையின் கண் எதன்மேல் அதிக நேரம் நிற்கிறது என்று கணக்கெடுப்பது. இன்னொன்று, வெளிச்சத்தைக் காட்டிவிட்டு மூளையில் உண்டாகும் மாற்றத்தை அளப்பது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதலாவதைத் தொடாமல் அதற்குப் போக முடியாது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர், பிறந்து ஐந்து நாளைத் தாண்டாத குழந்தைகளுக்கு வட்டமான சில தட்டுகளைக் காட்டினார். ஒன்றில் முகம் வரைந்திருந்தது, ஒன்றில் வட்டத்துக்குள் வட்டம், ஒன்றில் செய்தித்தாள் துண்டு. மற்றவை வெறும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு. வடிவம் எதுவும் இல்லாத தட்டுகளைவிட வடிவம் இருந்தவற்றைத்தான் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. 1963-இல் வெளிவந்த ஆய்வு இது. 1975-இல் இன்னொரு குழு, பிறந்து ஒன்பது நிமிடம் ஆன குழந்தைகள்கூட, முகம் போன்ற படத்தை நகர்த்தினால் மற்றப் படங்களைவிட அதிக தூரம் அதன் பின்னாலேயே கண்ணையும் தலையையும் திருப்புகின்றன என்று காட்டியது. அம்மா சொல்வதுதான் சரி போலிருக்கிறதே என்று தோன்றும்.

அவசரப்படக் கூடாது. கண்ணைத் திருப்புவதற்குப் பெருமூளை தேவையில்லை. விழித்திரையிலிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் ஒரு பகுதி நடுமூளையில் உள்ள சிறு மேடு ஒன்றுக்குப் போகிறது. வெளிச்சம் வந்த திசைக்குக் கண்ணைத் திருப்பும் வேலையை அதுவே செய்துவிடும். பெரும்பகுதி இழைகள் தலாமஸ் வழியாகப் பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணிக்குப் போகின்றன. கோடு, வடிவம், அசைவு, ஆழம் என்று பிரித்தறியும் காரியம் அங்கேதான் தொடங்குகிறது. பிறந்த குழந்தை பெரும்பாலும் நடுமூளை வழியை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறது, புறணி ஒன்றிரண்டு மாதம் கழித்தே வேலைக்கு வருகிறது என்று 1974-இல் கோர்டன் பிரான்சன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். ஏறக்குறைய பாட்டியின் கட்சி. கண்ணசைவை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. பின்மண்டையில் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

அதற்கான பழைய, இன்றும் முதன்மையான கருவி இ.இ.ஜி. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதை வெளியிடும் துணிச்சல் வர 1929 ஆயிற்று. அதே கருவியை வைத்து, கண்ணெதிரே வெளிச்சத்தைக் காட்டி, காட்டிய கணத்திலிருந்து பின்மண்டையில் எழும் மின்மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்தால் அதற்குப் பெயர் வி.இ.பி. மருத்துவமனைச் சீட்டில் 'வி.இ.பி. டெஸ்ட்' என்றுதான் எழுதியிருப்பார்கள். காது கேட்கிறதா என்று பார்க்கும் 'பீரா டெஸ்ட்' பல பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். அங்கே ஒலி, இங்கே ஒளி.

சொல்வதற்கு எளிது. சிக்கல் அளவில் இருக்கிறது. மூளை எந்நேரமும் தன்பாட்டுக்கு மின்னலைகளை எழுப்பிக்கொண்டே இருக்கும். பச்சிளங்குழந்தையில் அவை 50, 100 மைக்ரோவோல்ட் வரை போகும். ஒரு வெளிச்சத்துக்கான பதிலோ சில மைக்ரோவோல்ட், மிஞ்சினால் இருபது. மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. பேருந்து நிலையத்து இரைச்சலுக்கு நடுவே ஒரு கண்டக்டர் மெதுவாக விசில் ஊதுகிறார் என்று வையுங்கள். ஒருமுறை பதிவு செய்து கேட்டால் விசில் காதில் விழாது. அவர் ஊதும் கணத்தில் தொடங்கும்படியாகப் பல பதிவுகள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி பார்த்தால் கதை வேறு. ஹாரனும் கூச்சலும் ஒவ்வொரு பதிவிலும் வெவ்வேறு இடத்தில் வருவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். விசில் எல்லாப் பதிவிலும் ஒரே இடத்தில் இருப்பதால் அது மட்டும் மிஞ்சும்.

இந்த யோசனையை மூளை அலைகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் லண்டனின் ஜார்ஜ் டாசன். 1947-இல் பதிவுக் கோடுகளின் புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். 1950-களின் தொடக்கத்தில், கணினி கைக்கு வராத காலத்தில், கூட்டிச் சராசரி காட்டும் இயந்திரத்தையே கட்டிவிட்டார். அவர் அளந்தது மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளையில் எழும் பதிலை. கண்ணுக்கும் காதுக்கும் அதே உத்தி பொருந்தியது. கணக்கு இதுதான்: இரைச்சல், பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 64 முறை காட்டினால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகும். அதையும் பாதியாக்க வேண்டும் என்றால் 128 போதாது, 256 முறை காட்ட வேண்டும். பெரியவர் பொறுமையாக உட்காருவார். பிறந்த குழந்தை தெளிவாக விழித்திருப்பதே ஒருமூச்சில் சில நிமிடங்கள்தான். இந்தத் துறையின் பாதித் திறமை, கணக்கில் அல்ல, அந்தச் சில நிமிடங்களை வீணடிக்காமல் இருப்பதில் இருக்கிறது.

ஆகவே பரிசோதனை அறையில் நடப்பது பெரும்பாலும் சாதாரணக் காரியங்கள். நம் ஊரில் முதல் சிக்கல் எண்ணெய். தலையில் எண்ணெய் இருந்தால் மின்முனை தோலில் பிடிக்காது, அலை தெளிவாக வராது. எண்ணெய் வைக்காமல் தலையை அலசிவிட்டு அழைத்து வரச் சொல்வது இதற்காகத்தான். பின்மண்டையின் நடுவில் ஒரு சிறிய வட்ட மின்முனை, ஒப்பீட்டுக்காக முன்மண்டையில் ஒன்று, தரைக்கம்பிபோல் இன்னொன்று. ஊசி எதுவும் கிடையாது. ஒட்டும் பசையை வைத்து அழுத்தினால் முடிந்தது. குழந்தைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. அதன் மூளையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான் கருவியின் வேலை. பால் கொடுத்து ஏப்பம் விடவைத்து, அம்மா மடியிலோ தொட்டிலிலோ கிடத்தி, எல்.இ.டி. விளக்குகள் வைத்த கண்ணாடியையோ ஒரு ஒளித் தகட்டையோ முகத்தருகே பிடித்துக் கண நேர வெளிச்சங்களைக் காட்டுவார்கள். தூங்கினாலும் பாதகமில்லை. பச்சிளங்குழந்தையின் இமை மெல்லியது, ஒளி சிவப்பாக வடிகட்டப்பட்டு உள்ளே போய்விடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இங்குபேட்டருக்குள் இருக்கும் குழந்தைக்கும் இதனாலேயே செய்ய முடிகிறது. அங்கே தொல்லை தருவது வேறு: சூடேற்றும் விளக்கு, மருந்து ஏற்றும் பம்பு, மானிட்டர் எல்லாவற்றிலிருந்தும் கசியும் 50 ஹெர்ட்ஸ் மின்சார முனகல். ஒரு பதிவை நம்பாமல் இரண்டாவது முறையும் எடுத்து, இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் அந்த மேடு பள்ளங்களுக்கு அர்த்தமில்லை.

கோட்டில் முதலில் பார்ப்பது நேரத்தை. பெரியவருக்குக் கட்டம் போட்ட திரையைக் காட்டினால் ஏறக்குறைய 100 மில்லிசெகண்டில் ஒரு மேடு எழும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பெரிய கட்டங்களைக் காட்டினால், அதே மேடு வர சுமார் 250 மில்லிசெகண்ட் ஆகிறது. தலையோ சின்னது, போக வேண்டிய தூரமோ குறைவு. ஆனாலும் இரண்டரை மடங்கு தாமதம். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற கொழுப்புறை இன்னும் முழுதாகப் போர்த்தப்படவில்லை என்பது ஒரு காரணம். பார்வை நரம்பில் அந்த வேலை பிறப்பதற்குச் சில வாரம் முன்னால் தொடங்கி இரண்டு வயது வாக்கில்தான் முடிகிறது. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளும் இன்னும் மந்தம். பீட்டர் ஹட்டன்லோக்கர் இறந்துபோன குழந்தைகளின் மூளைத் திசுவில் எண்ணிப் பார்த்ததில், பார்வைப் புறணியின் இணைப்புகள் இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் மளமளவென்று பெருகி, எட்டு மாத வாக்கில் பெரியவர்களைவிட அதிகமாகி, பிறகு பல ஆண்டுகளில் மெல்லக் கழிக்கப்படுகின்றன. மேடு எழும் நேரமும் இதற்கு ஏற்றாற்போல் விரைகிறது. ஐந்தாறு மாதத்தில் பெரிய கட்டங்களுக்கான பதில் 110, 120 மில்லிசெகண்டுக்கு வந்துவிடுகிறது. மனித வாழ்நாளில் வேறெந்தச் சமயத்திலும் இந்த எண் இப்படிச் சரிவதில்லை.

இவ்வளவு வேகமாக மாறுவதால் வயதைச் சரியாகக் கணக்கிடாவிட்டால் அறிக்கையே தப்பாகிவிடும். 32 வாரத்தில் பிறந்து, பிறந்து எட்டு வாரமான குழந்தையை, நிறைமாதத்தில் பிறந்த இரண்டு மாதக் குழந்தையோடு ஒப்பிடக் கூடாது. 40 வாரத்தில் நேற்றுப் பிறந்த குழந்தையோடு ஒப்பிட வேண்டும். மூளை பிறந்தநாளைப் பார்ப்பதில்லை, கருவுற்றதிலிருந்து எண்ணுகிறது. குறைமாதக் குழந்தையின் பெற்றோர் இந்த ஒன்றைப் பரிசோதனை செய்பவரிடம் நினைவூட்டிவிடுவது நல்லது. சீட்டில் பிறந்த தேதி மட்டும் இருந்தால், கர்ப்ப வாரம் அவர் கண்ணில் படாமலே போகலாம்.

குறைமாதக் குழந்தைகளிடமிருந்து கிடைத்த இன்னொரு செய்தி விசித்திரமானது. 24 வார வாக்கில் பிறந்த குழந்தையின் மூளையும் ஃப்ளாஷ் வெளிச்சத்துக்குப் பதில் சொல்கிறது: சுமார் 300 மில்லிசெகண்டில் அகலமான ஒரு பள்ளம். சில வாரங்களில் 200 மில்லிசெகண்டை ஒட்டி ஒரு மேடு உருவாகிறது. 2010-இல் மேத்யூ கொலனீஸும் அவருடைய சகாக்களும் எலிக்குட்டிகளையும் குறைமாதக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 36 வாரத்துக்கு முந்தைய மூளை ஒரு வெளிச்சத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லி நிறுத்துவதில்லை. மெதுவான ஓர் அலையும் அதன்மேல் படபடக்கும் வேக அலைகளுமாக ஒரு நீண்ட குமுறலை எழுப்புகிறது. பிறகு அது நின்று, பெரியவர்களுடையதைப் போன்ற கச்சிதமான பதில் வருகிறது. எலிக்குட்டியில் இந்த மாற்றம் கண் திறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு நடக்கிறது. மனிதரில் பிறப்பதற்குச் சில வாரம் முன்பு. பார்க்க எதுவும் இல்லாத காலத்தில் புறணி உரத்து எதிரொலித்துத் தன் இணைப்புகளைக் கட்டிக்கொள்கிறது, பார்க்கும் நேரம் நெருங்கியதும் அளவாகப் பேசக் கற்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். கருவறைக்குள்ளேயே இதை அளந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் தாயின் வயிற்றின்மேல் ஒளியைப் பாய்ச்சி, கருவின் மூளையிலிருந்து வரும் காந்தப்புல மாற்றத்தைப் பதிவு செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. எல்லாக் கருவிலும் பதில் கிடைக்கவில்லை. சிலவற்றில் கிடைத்ததே ஆச்சரியம்தான்.

ஃப்ளாஷ் வெளிச்சம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தரும்: ஒளி வந்து சேர்ந்ததா? குழந்தைக்கு வடிவம் தெரிகிறதா என்று அறிய வெளிச்சத்தின் மொத்த அளவை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்ற வேண்டும். சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் திரையில் இருக்கும். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் விநாடிக்கு இரண்டு தடவை இடம் மாறும். திரையிலிருந்து வரும் மொத்த ஒளி மாறாது. கட்டங்களின் விளிம்பைப் பிரித்தறிய முடிகிற மூளையில் மட்டுமே அலை எழும். கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போய் எந்த அளவில் அலை மறைகிறது என்று பார்த்தால் பார்வைக் கூர்மை கிடைத்துவிடும். சான் பிரான்சிஸ்கோவில் அந்தோணி நார்சியாவும் கிறிஸ்டோபர் டைலரும் இதைப் பத்து விநாடி வேலையாகச் சுருக்கினார்கள். கோடுகள் அகலத்திலிருந்து நுண்மைக்குத் தொடர்ந்து மாறிக்கொண்டே போகும், அலை எங்கே அடங்குகிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். 57 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் எத்தனை ஜோடிக் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பிரித்தறிய முடிகிறது என்பது இங்கே அளவுகோல். 6/6 பார்வை உள்ள பெரியவருக்கு 30. அவர்கள் 1985-இல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு மாதக் குழந்தைக்கு சுமார் நாலரை, எட்டு மாதத்தில் 20.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கண் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கும் பழைய முறையில் முதல் மாதக் குழந்தைக்குக் கிடைப்பது சுமார் ஒரு ஜோடிதான். மூளை அலையோ நாலரை என்கிறது. எது உண்மை? இரண்டுமே. புறணியின் வாசல் வரை நுண்ணிய கோடு வந்து சேர்கிறது. ஆனால் அதன் பக்கம் கண்ணைத் திருப்பும் அளவுக்குக் குழந்தைக்கு அது பொருட்டாக இல்லை. வி.இ.பி. பற்றிப் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது செய்தி வந்து சேர்ந்ததைச் சொல்கிறது. செய்தியைக் குழந்தை வாசித்ததா என்பது தனிக் கேள்வி.

அந்தத் தனிக் கேள்வியை அலையை வைத்தே கேட்க முடியுமா என்று யோசித்தவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவர் பிராடிக், ஜேனட் அட்கின்சன், ஜான் வாட்டம்-பெல் ஆகியோர். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை அவர்களுடையது. பூனையின் மூளையில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் கண்டறிந்த ஒரு விஷயத்திலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பதில் சொல்லும் நரம்பணுக்கள் புறணியில் உண்டு. விழித்திரையிலும் தலாமஸிலும் அந்த வேலை ஏறக்குறைய இல்லை. அப்படியானால் சாய்வு மாறும்போது எழும் அலை புறணியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆனால் கோட்டின் சாய்வை மாற்றினால் திரையில் பல புள்ளிகள் கறுப்பிலிருந்து வெள்ளையாகும். அலை அதனால்கூட எழலாமே? இதைத் தவிர்க்க, கோடுகளை எந்நேரமும் வேகமாக இங்குமங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். அந்த நகர்வுகளுக்கு நடுவில், சீரான இடைவெளியில், சாய்வை வலமும் இடமுமாக மாற்றினார்கள். புள்ளிகள் மாறுவது எல்லா நகர்விலும் நடக்கிறது. சாய்வு மாறுவது அந்தக் குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும். ஆகவே அந்த இடைவெளியின் தாளத்தில் எழும் அலை சாய்வை உணர்ந்த அணுக்களுடையதுதான்.

1986-இல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவு: பிறந்த சில நாட்களில் அந்த அலை இல்லை; ஆறு வார வாக்கில் தோன்றுகிறது. அசைவு எந்தத் திசையில் என்பதை உணரும் அலை இன்னும் தாமதித்து, பத்து வாரத்தை ஒட்டி வருகிறது. வழக்கு பாட்டிக்குச் சாதகமாக முடிந்ததா என்றால், இல்லை. 1988-இல் ஆலன் ஸ்லேட்டரும் சகாக்களும், ஒரு சாய்வைக் காட்டிக் காட்டிச் சலிக்கவைத்தபின் வேறு சாய்வைக் காட்டினால் பிறந்த குழந்தைகளே புதியதைப் பார்க்கின்றன என்று காட்டினார்கள். கேம்பிரிட்ஜ் குழுவும் சாய்வை மாற்றும் வேகத்தைக் குறைத்தபோது அலை ஆறு வாரத்துக்கு முன்பே கிடைத்தது. புறணி தூங்கிக்கொண்டிருக்கவில்லை, மெதுவாக வேலை பார்க்கிறது. வேகமாகக் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வருவதில்லை.

மின்சாரத்தை விட்டு ரத்தத்தைப் பார்க்கும் முறைகளும் உண்டு. வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் கூடுதலாகப் பாயும். டார்ச் விளக்கை உள்ளங்கையில் பொத்தினால் விரல்கள் சிவந்து ஒளிர்வதைப் பார்த்திருப்போம். சிவப்பும் அதைத் தாண்டிய அகச்சிவப்பும் தசை, எலும்பு வழியாக ஓரளவு ஊடுருவும். 1977-இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் இதை மூளைக்குப் பயன்படுத்தினார். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அகச்சிவப்பை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், உள்ளே போன ஒளியில் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து இரண்டின் அளவையும் கணிக்கலாம். பச்சிளங்குழந்தையின் மண்டையோடு மெல்லியது, முடியும் குறைவு. இந்த முறைக்கு அவ்வளவு பொருத்தமான தலை வேறில்லை. குழந்தை அம்மா மடியில் இருக்கலாம், கொஞ்சம் அசையலாம். ஆனால் ரத்தம் பாய்ந்து வரச் சில விநாடிகள் ஆகும் என்பதால், மில்லிசெகண்ட் கணக்கெல்லாம் இதில் கிடைக்காது.

பெரியவரிடம் இந்த அளவீடு நேர்த்தியாக வரும். குழந்தைகளிடம் குழப்புகிறது. இதே ரத்த மாற்றத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. கருவியில் 1990-களில் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த சிசுக்களுக்கு ஒளியைக் காட்டியபோது, பார்வைப் புறணியின் சமிக்ஞை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்ததை டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஜப்பானில் ஒரு குழு, எட்டு வாரத்துக்கு முன் கூடுகிறது, பிறகு குறைகிறது என்றது. வேகமாகப் பெருகும் இணைப்புகள் ஆக்சிஜனைத் தின்னும் வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுக்கவில்லையா, மயக்க மருந்தின் வேலையா, தூக்கத்தின் விளைவா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆய்வுக்கு இது சுவையான புதிர். தனி ஒரு குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல இப்போதைக்கு உதவாது.

மருத்துவரின் மேசைக்கு வருவோம். பிரசவத்தில் மூச்சுத்திணறி மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளுக்கு ஃப்ளாஷ் வி.இ.பி. எடுப்பதுண்டு. முதல் வாரம் கடந்தும் அலையே எழவில்லை அல்லது தொடர்ந்து சிதைந்தே இருக்கிறது என்றால் பின்விளைவு கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அலை ஒழுங்காக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று பொருள் கொள்ளக் கூடாது. கை கால் அசைவுக்கும் பேச்சுக்கும் ஆன மூளைப் பகுதிகளைப் பற்றி இந்தச் சோதனைக்கு எதுவும் தெரியாது. புறணி பெரிதும் சேதமடைந்த சில குழந்தைகளிலும் ஃப்ளாஷ் அலை கிடைத்திருக்கிறது. மறுபக்கம், இரண்டு மூன்று மாதமாகியும் எதையும் பார்க்காமல் இருந்து பெற்றோரைக் கலங்கடிக்கும் சில குழந்தைகள், கண்ணிலும் மூளையிலும் குறையேதும் இல்லாமல், நான்கைந்து மாதத்தில் தாமாகவே பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. அந்த இடைக்காலத்தில் காத்திருக்கலாமா, மேலும் தேட வேண்டுமா என்று முடிவெடுக்க வி.இ.பி. கைகொடுக்கும்.

பிறந்த எல்லாக் குழந்தைக்கும் வி.இ.பி. தேவையில்லை. எல்லாக் குழந்தைக்கும் தேவையானது அதைவிட மலிவானது: ஆஃப்தால்மோஸ்கோப் என்ற சிறு கருவியின் வழியே கண்மணியைப் பார்த்து, உள்ளிருந்து சிவப்பு ஒளி திரும்புகிறதா என்று கவனிப்பது. வெண்மையோ நிழலோ தெரிந்தால் பிறவிக் கண்புரை முதலியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை என்றால் ஆறு வாரத்துக்குள்ளும், இரண்டிலும் என்றால் எட்டு வார வாக்கிலும் அறுவை சிகிச்சை நடப்பது சிறந்தது. பார்வைப் புறணி தனக்கு வரும் செய்தியை வைத்துத் தன்னைக் கட்டிக்கொள்ளும் காலம் அது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு நம் நாட்டு வழிகாட்டுதல்படி முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். மிகவும் முன்கூட்டிப் பிறந்ததென்றால் இன்னும் சீக்கிரம். அதைத் தவறவிட்டு விழித்திரையே விலகிவிட்டால் பிறகு மூளை அலையை அளந்து என்ன ஆகப்போகிறது?

இவ்வளவு நுட்பமான அளவீடு கடைத்தெருவுக்கு வந்ததும் எப்படி ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விழித்திரை அணுக்களில் டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலம் நிறைய உண்டு, தாய்ப்பாலிலும் உண்டு. 1990-களில் அமெரிக்காவின் டல்லஸில் ரிக்கார்டோ உவாயும் ஐலீன் பர்ச்சும் அதைச் சேர்த்த பால்மாவைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்து, வி.இ.பி. மூலம் பார்வைக் கூர்மையை அளந்தபோது, சேர்க்காத பால்மாவைக் குடித்தவர்களைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தது. 2002-இல் அமெரிக்கச் சந்தைக்கு டி.எச்.ஏ. சேர்த்த பால்மா வந்தது. கோடுகளின் நுண்மையைப் பற்றிய ஒரு முடிவு, டப்பா விளம்பரங்களில் 'மூளை வளர்ச்சி'யாகப் பெயர் மாறியது. பிறகு நிறைமாதக் குழந்தைகளில் நடந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் ஆய்வுரை, பெரும்பாலானவற்றில் பார்வைக்கோ அறிவுக்கோ பலன் தெரியவில்லை என்றது. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பால்மா விளம்பரத்தையே தடைசெய்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படச் சீட்டுகளுக்கு அப்படித் தடையில்லை. பச்சிளங்குழந்தைக்கு அழுத்தமான கறுப்பு வெள்ளை நன்றாகத் தெரியும் என்பது உண்மை. அதைக் காட்டினால் மூளை கூர்மையாகும் என்பது விற்பவரின் சேர்க்கை. இருபது முப்பது சென்டிமீட்டர் தூரத்தில், தலைமுடி நெற்றியைத் தொடும் விளிம்போடும் கண்ணின் கருமையோடும், பால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு முகம் குழந்தைக்குக் காசில்லாமலே கிடைக்கிறது.

உங்கள் குழந்தைக்கு வி.இ.பி. எழுதிக் கொடுத்திருந்தால், ஃப்ளாஷா, கட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டம் என்றால் குழந்தை விழித்திருக்க வேண்டும், அது வழக்கமாகத் தெளிவாக இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஃப்ளாஷ் என்றால் தூங்கவைத்தே கொண்டுபோகலாம். ஆனால் தூக்கத்தில் அலையின் உயரமும் நேரமும் மாறும் என்பதால், எடுக்கும்போது குழந்தை தூங்கியதா விழித்திருந்ததா என்று அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். பிறந்த கர்ப்ப வாரம், கொடுத்துவரும் மருந்துகள், முக்கியமாக வலிப்பு மருந்து, எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். முதல் பரிசோதனை தெளிவில்லாமல் போவது சகஜம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடியும் எடுத்து, இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேடு எழும் நேரம் இடைப்பட்ட வாரங்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது, முதல் கோடு தனியாகச் சொன்னதைவிட அதிகம் சொல்லும்.